தொனாத்தா ஊட்டிய ரொட்டி

செரஃபீனா பிறந்து பதினோராவது மாதம். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தொட்டிக்கரையில் குழந்தைத் துணிகளை அலசிக்கொண்டிருந்த அவள் அம்மா, என் மதினி தொனாத்தா, சட்டென்று கையை நிறுத்திவிட்டு எழுந்து நின்றாள். நான் பக்கத்தில் போர்வை பிழிந்துகொண்டிருந்தேன். என்ன என்று கேட்டேன். ஒரு துணியை எடுத்து என் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

"மோந்து பாரு, ரக்கேலா."

"காலங்காத்தால இது ஒண்ணுதான் கொறச்சலா மதினி?"

"மோந்து பாருடி."

பார்த்தேன். குழந்தை மலம் நாறத்தான் செய்யும், அது யாருக்கும் தெரியும். இது வேறு. வெளிறிப்போய், கொழகொழவென்று, தண்ணீரில் போட்டால் எண்ணெய் படர மிதக்கும். கெட்டுப்போன கொழுப்பின் வாடை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்த வாடை எங்கள் வீட்டில் ஏழெட்டு மாதம் குடியிருந்தது. அது போவதற்காகச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தோம், மெத்தைக்குள் இருந்த வைக்கோலை எடுத்து எரித்தோம். போய்விட்டது என்றுதான் நினைத்திருந்தோம்.

"அவன் வந்துட்டான்," என்றாள் தொனாத்தா.

அவன் என்றால் சவேரியோ. என் அண்ணன் கானியோவுக்கும் இவளுக்கும் பிறந்த மூத்த பிள்ளை. பிறந்தபோது தெருவே மாற்றி மாற்றித் தூக்கிக் கொஞ்சியது. பால்குடி குறைந்து சாப்பாடு பழக ஆரம்பித்த பிறகு பேதி பிடித்தது. நின்றது, மறுபடி பிடித்தது. கை கால் குச்சியாகி, வயிறு மட்டும் உப்பி, பின்புறத் தோல் மடிந்து தொங்கியது. கடைசியில் அழுவதைக்கூட விட்டுவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டு கிடப்பான். இரண்டு வயது முடியப் பத்து நாள் இருக்கும்போது போனான். அந்தப் பார்வையை மறக்க நான் என்னென்னவோ செய்து பார்த்திருக்கிறேன், முடியவில்லை.

தொனாத்தா பக்கத்து மலைக்காரி. ஆடு மேய்ப்பவரின் மகள். பத்தொன்பது வயதில் எங்கள் வீட்டுக்கு வந்தபோது நான்கு வார்த்தை பேச நாற்பது நிமிஷம் எடுத்துக்கொள்வாள். எனக்கோ வாய் நீளம். "ஏன் மதினி, பேச்ச ஆட்டுப்பட்டியிலயே விட்டுட்டு வந்துட்டியா?" என்று சீண்டுவேன். சிரிப்பாளே தவிர பதில் வராது. ஆனால் எதைப் பார்த்தாலும் முழுசாகப் பார்ப்பாள். ஆடு கழிந்தால் அதன் வாலைப் பார்க்க மாட்டாள், முந்தின நாள் அது எந்தச் சரிவில் என்ன தழை தின்றது என்று யோசிப்பாள். அவள் அப்பா பழக்கியது அது. இந்தப் புத்தியை ஆட்டுக்கு மட்டுமே என்று அவள் வைத்திருந்ததுதான் அவள் தலைவிதி.

ஏனென்றால் பிள்ளைக்குப் பேதி என்றால் எங்கள் ஊரில் யோசிக்க ஒன்றுமே கிடையாது. பாலை நிறுத்து. பழத்தை நிறுத்து. அவரை, கீரை எல்லாவற்றையும் நிறுத்து. பழைய ரொட்டியைப் பிய்த்து, தண்ணீரில் உப்பும் ஒரு பிரிஞ்சி இலையும் போட்டுக் குழைய வேகவைத்து, அதையே கொடு. நின்றால் ரொட்டியின் மகிமை. நிற்காவிட்டால் இன்னும் கொஞ்சம் ரொட்டி. கானியோ கழுதை மேல் ஏற்றிக் கூட்டிவந்த வைத்தியர்கூட வயிற்றைத் தட்டிப் பார்த்துவிட்டு, "லேசான ஆகாரம் கொடுங்க, ரவைக் கஞ்சி, வறுத்த ரொட்டி," என்றுதான் சொல்லிவிட்டுப் போனார்.

ரொட்டியைத் தலைகீழாக வைக்க மாட்டோம். கீழே விழுந்தால் எடுத்து முத்தமிட்டுத்தான் மேஜையில் வைப்போம். மாவு பிசைந்ததும் அதன் மேல் சிலுவை கீறுவோம். கிணற்றைச் சந்தேகப்படுவோம், பக்கத்து வீட்டுக்காரியின் கண்ணைக் கட்டாயம் சந்தேகப்படுவோம், ரொட்டியை யார் சந்தேகப்படுவார்கள்?

அதனால் செரஃபீனாவுக்கும் அதே பேதி வந்தபோது ஊர் எளிதாக ஒரு முடிவுக்கு வந்தது. கண்ணேறு கழிக்கும் கொன்செத்தா அக்கா வந்தாள். தட்டில் தண்ணீர் ஊற்றி எண்ணெய்ச் சொட்டு விட்டுப் பார்த்தாள். எண்ணெய் எப்படிப் பரவியதோ எனக்குத் தெரியாது, அவள் முகம் மட்டும் இருண்டது.

"கண்ணு இல்ல தொனாத்தா. இது வேற. அண்ணன்காரனுக்கு அங்க தனியா இருக்கப் பிடிக்கல. தங்கச்சிய வெளையாடக் கூப்பிடுறான்."

"ரெண்டு வயசுப் பையன் கூப்பிடுவானா?" என்றேன் நான்.

"ஒனக்கு என்ன தெரியும்? நீ கல்யாணம் கட்டுனியா, புள்ள பெத்தியா?"

அப்போது எனக்கு இருபத்தாறு வயது, அந்தப் பேச்சு அப்போது வலிக்கும்.

அன்று மாலை தொனாத்தா கல்லறைத் தோட்டத்துக்குப் போனாள். துணைக்கு நானும் போனேன். சின்ன மேடு, மரச் சிலுவை. அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை, சண்டை போட்டாள்.

"சவேரியோ, நல்லாக் கேட்டுக்கோ. ஒன்னய நான் கொஞ்சமா பாத்துக்கிட்டேன்? ராவும் பகலும் மடியிலயே வச்சிருந்தேன். இவள விட்டுரு. இவ எனக்கு வேணும். நீ கூப்பிட்டேன்னா அம்மா ஒன்னய மன்னிக்கவே மாட்டேன், ஆமா."

செத்துப்போன பிள்ளையை இப்படி அதட்டும் தாயை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. திரும்பும் வழியெல்லாம் என் பின்னால் யாரோ சின்னக் காலால் நடந்து வருகிற மாதிரியே இருந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

ஐம்பத்தாறாம் வருஷம் பிப்ரவரியில் பனி விழுந்தது. தெற்கு இத்தாலியில், எங்கள் லுக்கானியாவில் அந்தப் பனியை இன்றைக்கும் பேசுகிற கிழங்கள் உண்டு. கதவைத் திறந்தால் வெள்ளைச் சுவர். ஜன்னல் வழியாக வெளியே போனோம். மாவு ஆலைக்குப் போகிற பாதை மூடிவிட்டது, ரொட்டி சுடும் ஊர் அடுப்புக்கு விறகு வரவில்லை, வீட்டில் இருந்த கடைசி ரொட்டி தீர்ந்தது. இருந்ததெல்லாம் ஒரு மூட்டை உருளைக்கிழங்கு, கொண்டைக்கடலை, காய்ந்த கஷ்கொட்டை, எண்ணெய். கஷ்கொட்டை என்பது மலைக்காட்டு மரத்துக் கொட்டை, எங்கள் ஊரில் அது பன்றிக்கும் பஞ்சத்துக்கும்.

தொனாத்தா வெட்கத்தோடுதான் குழந்தைக்கு உருளைக்கிழங்கை மசித்துக் கொடுத்தாள். கஷ்கொட்டையை வேகவைத்து, அந்தத் தண்ணீரிலேயே கரைத்துப் புகட்டினாள். "பேதிப் புள்ளைக்கு இதக் குடுக்கிறியே, சாகடிக்கவா?" என்று கானியோ கத்தினான். "வேற என்ன இருக்கு? பனியக் கரைச்சுக் குடுக்கட்டா?" என்றாள். அவள் என் அண்ணனிடம் எதிர்த்துப் பேசி அன்றுதான் கேட்டேன்.

ஒரு வாரத்தில் அலச வேண்டிய துணி குறைந்தது. பத்து நாளில் வாடை போனது. பதினைந்தாம் நாள் குழந்தை என் பின்னலைப் பிடித்து இழுத்துச் சிரித்தது. அது சிரிக்கும் என்பதே எங்களுக்கு மறந்துபோயிருந்தது. தொனாத்தா குழந்தையின் மலத்தை வெளிச்சத்தில் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, தங்கக் காசு கண்டெடுத்த மாதிரி என்னைக் கூப்பிட்டாள்.

"கெட்டியா இருக்கு பாரு ரக்கேலா! உருண்டையா இருக்கு!"

சண்டை போட்டது பலித்தது என்று நினைத்தோம். சவேரியோ அம்மா பேச்சைக் கேட்டு விட்டுக்கொடுத்துவிட்டான், நல்ல பிள்ளை என்று கொன்செத்தாவும் சொன்னாள்.

பனி உருகியது. ஊர் அடுப்பு மறுபடி எரிந்தது. அந்த முதல் ரொட்டியின் வாசத்துக்குத் தெருவே வெளியே வந்து நின்றது. தொனாத்தா நல்ல நடுத்துண்டாகப் பார்த்து எடுத்து, இலை போட்டு, எண்ணெய் விட்டுக் குழைத்துக் குழந்தைக்கு ஊட்டினாள். இத்தனை நாள் பன்றித் தீனி கொடுத்ததற்குப் பரிகாரம் மாதிரி, மூன்று வேளையும் ஊட்டினாள். ஆறாம் நாள் அந்த வாடை வந்தது.

அன்று அவள் கல்லறைக்குப் போகவில்லை. தொட்டிக்கரையில் உட்கார்ந்து, குழந்தை எந்த நாளில் என்ன தின்றது என்று விரல்விட்டு எண்ணினாள். பிறகு உள்ளே வந்து, மேஜையில் இருந்த ரொட்டியைத் துணியால் மூடினாள்.

"இந்த ரொட்டிதான் புள்ளையக் கழிய வைக்குது."

கானியோ சிரித்தான், பிறகு கோபப்பட்டான். விஷயம் வெளியே போயிற்று. சாமியார் வீட்டுக்கே வந்து, ஆண்டவரின் உடலை விஷம் என்று சொன்னவள் நீதானா என்று கேட்டார். "நான் கோயில்ல குடுக்குற நற்கருணை அப்பத்தச் சொல்லல சாமி. எங்க வீட்டு ரொட்டியச் சொன்னேன்," என்றாள். "ரெண்டும் கோதுமைதானம்மா," என்றார் அவர். ஆனாலும் அவள் குழந்தைக்கு ரொட்டி கொடுக்கவில்லை. உருளைக்கிழங்கும் கஷ்கொட்டையும் கொண்டைக்கடலைத் தண்ணீருமாகவே ஓட்டினாள். குழந்தை தேற ஆரம்பித்தது.

இனிமேல் சொல்லப்போவது என்னைப் பற்றி.

எனக்கு அவள் மேல் கோபம். துக்கத்தில் புத்தி பேதலித்துப்போய்விட்டது என்று நிச்சயமாக நம்பினேன். தெருவில் என்னைப் பார்த்து, "ஒங்க வீட்டுல ரொட்டிக்கும் பேய் பிடிச்சிருச்சாமே," என்று கேட்டார்கள். அதைவிட, நாங்கள் ரொட்டி தின்னும்போது அந்தக் குழந்தை என் தட்டைப் பார்த்துக் கையை நீட்டும். எனக்கு மனசு கேட்கவில்லை. ஏப்ரலில் தொனாத்தா களை எடுக்கப் போனாள், குழந்தை என்னிடம் இருந்தது. ரொட்டியை மென்று, சர்க்கரை சேர்த்து, மெல்லிய துணியில் முடிந்து காம்பு மாதிரி செய்து வாயில் வைத்தேன். எங்கள் ஊரில் அழுகிற பிள்ளைக்கெல்லாம் செய்வதுதான். என்ன ஆவலாகச் சப்பியது! அவள் வருவதற்குள் துணியை அலசி அடுப்போரம் காயப்போட்டுவிடுவேன். தினமும் கொடுத்தேன்.

இரண்டாவது வாரம் குழந்தை சரிந்தது. இந்தமுறை பழையபடி இல்லை. தண்ணீராகக் கொட்டியது. கண் உள்ளே போய்விட்டது, நாக்கு காய்ந்தது, தோலைக் கிள்ளினால் அப்படியே நின்றது. சவேரியோவின் பார்வை அந்த முகத்தில் வந்து உட்கார்ந்தது. முதல்நாளே எனக்குப் புரிந்துவிட்டது. காம்பை நிறுத்தினேன். ஆனால் சொல்லவில்லை. சொன்னால் என் அண்ணன் என்னை வெட்டிப்போடுவான் என்று பயந்தேன், அவள் முகத்தைப் பார்க்கப் பயந்தேன். குழந்தை தானாகத் தேறிவிட்டால் சொல்லாமலேயே தப்பிவிடலாம் என்றும் நினைத்தேன். மூன்று நாள் அப்படி இருந்தேன். என் வாழ்க்கையில் எழுபது வருஷம் நான் பேசிய பேச்சையெல்லாம் ஒரு பக்கம் வைத்தாலும் அந்த மூன்று நாள் பேசாததற்கு ஈடாகாது.

மூன்றாம் நாள் கொன்செத்தா மெழுகுவர்த்தியோடு வந்துவிட்டாள். சாமியாரைக் கூப்பிடச் சொல்லிவிட்டு கானியோ வாசலில் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றான். தொனாத்தா அடுப்படியில் இருந்தாள். பிரிஞ்சி இலை வாசம் வந்தது. நான் உள்ளே போனேன். பழைய ரொட்டியைப் பிய்த்துச் சட்டியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன மதினி பண்ற?"

"நான்தான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன்டி. ரொட்டியே குடுக்காம இருந்தும் போகுது பாரு. அப்ப ரொட்டி இல்ல. அவன்தான். பசியோடவாவது அனுப்பாம இருப்போம்."

கஞ்சியைக் கிண்ணத்தில் ஊற்றிக் கொண்டுவந்து, குழந்தையை மடியில் போட்டு, கரண்டியை எடுத்து ஊதினாள். கரண்டி உதட்டுக்குப் போனபோது நான் அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். கஞ்சி என் பாவாடையில் கொட்டியது.

"நான் குடுத்தேன் மதினி."

"என்ன குடுத்த?"

"ரொட்டி. துணியில முடிஞ்சு. நீ களையெடுக்கப் போகையில. தெனமும்."

அறைவாள் என்று கன்னத்தைக் காட்டிக்கொண்டு நின்றேன். கொன்செத்தா சிலுவை போட்டுக்கொண்டாள். தொனாத்தா என்னையே பார்த்தாள். அவள் கேட்டது இதுதான்:

"எத்தன நாளு?"

"பதினோரு நாளு."

"எம்மாம் பெருசு?"

கட்டைவிரலைக் காட்டினேன். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். ஒரு கணம் அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. சிரித்தாள் என்றே சொல்லுவேன். "அப்ப ரொட்டிதான்," என்றாள். "அப்ப நான் சொன்னது சரிதான். ரக்கேலா, அடுப்புல தண்ணி வையி. கஷ்கொட்டை எடு. உப்புப் போடு. சீக்கிரம்."

ஓடினேன். கஷ்கொட்டைத் தண்ணீரில் உப்பும் சர்க்கரையும் போட்டு, சொட்டுச் சொட்டாக அன்று முழுக்கப் புகட்டினோம். வாந்தி எடுத்தால் கொஞ்சம் பொறுத்து மறுபடி. சாமியார் வந்து, சாகப்போகிறவர்களுக்குப் பூசும் எண்ணெயைப் பூசிவிட்டுப் போனார். சாயங்காலம் குழந்தை ஒன்றுக்குப் போனது. அதைப் பார்த்துத்தான் பிழைக்கும் என்று தெரிந்தது. கானியோ வாசலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான்.

நான் சந்தோஷத்தில் தலைகால் புரியாமல் திரும்பினேன். தொனாத்தா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அந்த வெளிச்சம் முகத்தில் இல்லை.

"அவன் வாய இறுக்கி மூடிக்கிடுவான்," என்றாள் மெதுவாக. "கடைசி மாசம். நெனப்பிருக்கா? மொகத்தத் திருப்பிக்கிடுவான். நான் மூக்கப் பிடிச்சு, வாய் தெறந்ததும் உள்ள தள்ளுவேன். முழுங்குன பெறகு முத்தம் குடுப்பேன்."

நான் ஈரத்துணியால் குழந்தையின் உதட்டைத் துடைத்தேன்.

"அவன் யாரையும் கூப்பிடல ரக்கேலா. அவன் மேலயே பழியப் போட்டேன். கல்லறையில போய் வேற திட்டிட்டு வந்தேன்."

செரஃபீனா பிழைத்த அன்றைக்குத்தான் சவேரியோ எப்படிச் செத்தான் என்று அவளுக்குத் தெரிந்தது. இரண்டையும் ஒரே வார்த்தையில் அவளிடம் கொண்டுபோய்க் கொடுத்தவள் நான். நான் சொல்லாமல் இருந்திருந்தால் பெண் செத்திருக்கும், இவள் பேயின் மேல் பழியைப் போட்டுவிட்டு நிம்மதியாக அழுதிருப்பாள்.

அதன் பிறகு ஐம்பத்திரண்டு வருஷம் இருந்தாள். செரஃபீனாவுக்கு முதல் நற்கருணையின்போது சாமியாரோடு மல்லுக்கட்டி, அப்பத்தில் கடுகளவு கிள்ளிக் கொடுக்க வைத்தாள். அவருக்கே அலுத்துப்போய், "உன் மகளுக்கு ஆண்டவர் கடுகளவே போதும் போல," என்றார். கானியோ பெல்ஜியத்துக்குச் சுரங்க வேலைக்குப் போனான். பெண்ணுக்குப் பதினெட்டு வயது இருக்கும்போது பொத்தென்சா நகரத்தில் ஒரு இளம் வைத்தியர் அந்த நோய்க்குப் பெயர் சொன்னார், கோதுமையை ஏற்காத குடல் என்று விளக்கினார். "இத உங்களுக்கு யாரும்மா சொன்னது?" என்று ஆச்சரியப்பட்டார். "பனி," என்றாள். தெருவில் எந்தக் குழந்தைக்குப் பேதி என்றாலும் முதலில் தண்ணீர் கொடுக்கச் சொல்வாள், பட்டினி போட்டால் சண்டைக்கு வருவாள், பிறகு என்ன சாப்பிட்டது, எப்போதிருந்து என்று தோண்டித் தோண்டிக் கேட்பாள். எல்லோருக்கும் ரொட்டிதான் காரணம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. "ஆட்டுக்கு ஆடு வேற," என்பாள். செரஃபீனா மூன்று பிள்ளை பெற்றாள். மூன்றையும் முதல் இரண்டு வருஷம் துணியை மோந்து மோந்தே வளர்த்தாள் இவள்.

கல்லறைத் திருநாளுக்கு முந்தின மாலை எங்கள் ஊரில் இறந்தவர்களுக்காக மேஜை விரித்துவைப்போம். தண்ணீர், திராட்சை மது, ஒரு முழு ரொட்டி. அவர்கள் வந்து சாப்பிட்டுப் போவார்கள். தொனாத்தா அந்த வருஷத்திலிருந்து ரொட்டி வைப்பதில்லை. மசித்த உருளைக்கிழங்கு, வேகவைத்த கஷ்கொட்டை, சின்னக் கரண்டி ஒன்று. எங்கள் அப்பா அம்மாவும் அதைத்தான் தின்றாக வேண்டும். "ஒங்க வீட்டு ஆவியெல்லாம் பசியோட எங்க வீட்டுக்கு வருது," என்று தெருவில் கேலி செய்வார்கள். செய்யட்டும்.

அவளுடைய கடைசி வருஷம். கை நடுங்கும். கஷ்கொட்டைத் தோலை நான் உரித்துக் கொடுக்க, அவள் கிண்ணத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். உதடு அசைந்தது. ஜெபம் என்று நினைத்தேன். குனிந்து கேட்டால், "தெரியாமப் பண்ணிட்டேன்டா, தெரியாமப் பண்ணிட்டேன்," என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஐம்பத்திரண்டு வருஷமாக இதைத்தான் சொல்லியிருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. எனக்குத் தாங்கவில்லை. பொய் சொல்ல எனக்குப் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

"மதினி, நானும் அவனுக்கு ஊட்டியிருக்கேன். ஒனக்குத் தெரியாம. அவளுக்குக் குடுத்த மாதிரியே. நீ மட்டும் இல்ல."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு என் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

"இல்லடி. நீ ஊட்டுனா அவன் வாயத் தெறக்க மாட்டான். எங்கையில மட்டுந்தான் சாப்பிடுவான்."